புல்மலையில் பூட்டிக் கிடக்கும் ஊர்

நம் பக்கத்து மக்களுக்குச் சுரங்கத் தொழில் புதியதன்று. பஞ்ச காலங்களில் வட ஆற்காட்டுச் சீமையிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. பாட்டனார் தங்கவயலில் வாங்கிய தகரப்பெட்டியை இன்றும் பரணில் வைத்திருக்கும் வீடுகள் கீழ்பென்னாத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில் உண்டு. 1880ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கம்பெனியார் பெருமளவில் தோண்டத் தொடங்கிய அச்சுரங்கம், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அந்தச் செய்தி இங்கே உறவினர் சாவைப் போலவே பேசப்பட்டது.

ஆனால் குதிரேமுக் என்ற பெயரைச் சொன்னால் நம்மில் பலர் விழிப்பர். கர்நாடக மாநிலத்தில், சிக்கமகளூரு மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளுக்கு நடுவே அமைந்த இரும்புச் சுரங்க ஊர் அது. 'குதுரெ' என்றால் கன்னடத்தில் குதிரை. ஏறக்குறைய 1,890 மீட்டர் உயர்ந்த சிகரம் ஒன்று, ஒரு பக்கத்திலிருந்து நோக்குகையில் குதிரையின் முகம்போல் தோன்றுவதால் மலைக்கும் ஊருக்கும் அப்பெயர் வந்தது. அந்தச் சுரங்கமும் இப்போது இல்லை. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் கதை முடிந்தது.

மூடிய சுரங்கத்தைக் காண இத்தனை தொலைவு போவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. திருவண்ணாமலைக்கு அருகே, நமக்கும் தொலைவில் இல்லாத கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது இருக்கிறது. குதிரேமுக்கில் வெட்டப்பட்டதும் நம் குன்றுகளில் உறங்குவதும் ஒரே இனம். காந்தத்தால் ஈர்க்கப்படும் மாக்னடைட் என்னும் தாது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அரசு நிறுவனம் ஒன்றும் தனியார் எஃகு நிறுவனம் ஒன்றும் கூடி, இவ்விரு மலைகளையும் சேலத்துக் கஞ்சமலையையும் வெட்டத் திட்டமிட்டன. 2008ஆம் ஆண்டையொட்டி எதிர்ப்பு வலுத்தது. மலையடியில் உழுது வாழும் மக்களும், வேடியப்பனைக் குலதெய்வமாய் வணங்குவோரும், ஏரிப்பாசனத்தை நம்பியிருப்போரும் ஒன்றுகூடி நின்றனர். மலை இன்றும் அப்படியே நிற்கிறது. ஆயினும் பேச்சு நிற்கவில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பாலத்தடியில் படுத்துறங்கும் இளைஞன் ஒருவன், "மலையை வெட்டினால் எங்களுக்கு இங்கேயே வேலை கிடைத்திருக்குமே, சாமி" என்று நம்மிடம் கேட்டதுண்டு. விளையாட்டாய்க் கேட்ட கேள்வியன்று. பதில் சொல்லுமுன், அதே தாதை 25 ஆண்டுகள் வெட்டிய ஊரைக் கண்ணால் பார்த்துவிடுவது முறை என்று தோன்றியது.

துணைக்கு நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்தார். 1977ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், மேஸ்திரி ஒருவரின் பின்னே சித்தாளாய்க் குதிரேமுக்குக்குச் சென்றவர். அணை கட்டும் வேலையில் தொடங்கி, பிறகு ஆலையில் ஒப்பந்தக் கலாசியாய்ச் சுரங்கம் மூடும்வரை அங்கேயே இருந்தார். திரும்பி வந்தபின் ஒரு முறையும் அங்கே போனதில்லை. "அந்தப் பக்கம் போக மனசு வரல சாமி. நீங்க வர்றீங்கன்னா வர்றேன்" என்றார்.

அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு சேர்ந்தோம். அங்கிருந்து ஹொரநாடு அன்னபூரணி கோயிலுக்குச் செல்லும் பக்தர்கள் நிறைந்த இரவுப் பேருந்தில் ஏறி, விடியற்காலையில் களசா என்னும் சிற்றூரில் இறங்கினோம். இதுவரையில் சொல்லத்தக்கது ஏதுமில்லை. இருக்கையின் கம்பி ஒன்று நம் முதுகோடு இரவு முழுவதும் வாதாடியதைத் தவிர. களசாவிலிருந்து குதிரேமுக் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாக்குத் தோப்பும், மிளகுக் கொடி சுற்றிய மரங்களும், காப்பித் தோட்டமுமாய் வழி தொடங்குகிறது. சாலையை விட்டுப் பிரிய மனமின்றிப் பத்திரா நதி கூடவே வருகிறது. கண்ணாடிபோல் தெளிந்த நீர். "எங்க காலத்துல மழைக்கு இந்த ஆறு செங்கல் கரைச்ச மாதிரி ஓடும்" என்று பெரியவர் சன்னல் வழியே காட்டினார்.

திடீரென்று மரங்கள் விலகுகின்றன. மலைகள் மொட்டையாய், ஆனால் பச்சைப் பட்டுப் போர்த்தியவையாய், ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. யானைக் கூட்டம் ஒன்று முதுகு மட்டும் தெரியப் படுத்திருப்பது போன்ற தோற்றம். அம்முதுகுகளின் மீது மரமே இல்லை. முழங்கால் உயரப் புல், காற்றுக்கு அலையலையாய்ச் சாய்ந்து நிமிர்கிறது. இரு மலைகள் கூடும் மடிப்புகளில் மட்டும் கருங்கும்மென்று காடு அடர்ந்திருக்கிறது. அக்காட்டை உலகத்து அறிஞர்கள் அனைவரும் 'ஷோலா' என்கின்றனர். நம் சோலைதான் அது. நீலகிரியில் நம்மவர் சொன்ன சொல்லை ஆங்கிலேயர் எடுத்தெழுத, தாவர நூல்களில் அது நிலைபெற்றுவிட்டது.

இப்புல்வெளியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. மரம் இல்லாத மலையைக் கண்டால் 'வெற்றுமலை' என்று எண்ணுவது நம் வழக்கம். வெள்ளைக்கார அதிகாரிகளும் நீலகிரிப் புல்மலைகளைத் தரிசு என்றே கணக்கில் எழுதி, வெளிநாட்டு வாட்டில் மரங்களையும் தைல மரங்களையும் நட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தவற்றைக் களைய இன்றும் முயன்று வருகின்றனர். குதிரேமுக்கில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 7,000 மில்லிமீட்டர். நம் திருவண்ணாமலைப் பக்கத்தில் 1,000 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல ஆண்டு என்கிறோம். அவ்வளவு மழையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் ஏறக்குறைய முழுவதும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. புல்லின் வேர்கள் பின்னிய மண் அதைத் தாங்கிக்கொள்கிறது. சோலையின் அடியில் தலைமுறை தலைமுறையாய் உதிர்ந்து மக்கிய இலைக்குவை அதை வாங்கிக்கொள்கிறது. பிறகு சொட்டுச் சொட்டாய் ஓடைகளுக்கு விட்டுக்கொடுக்கிறது. சித்திரை வெயிலிலும் அந்த ஓடைகள் வற்றுவதில்லை. துங்கா, பத்திரா, நேத்திராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இம்மலைகளில் பிறக்கின்றன. நேத்திராவதி மேற்கே ஓடி மங்களூருக்குக் குடிநீராகிறது. துங்காவும் பத்திராவும் கூடித் துங்கபத்திராவாகி, பல மாவட்டங்களின் வயல்களைக் கடந்து கிருஷ்ணையில் சேர்கின்றன. கிருஷ்ணையின் நீரில் ஒரு பங்கு, 1996ஆம் ஆண்டு முதல் தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாகப் பூண்டி ஏரிக்கு வருகிறது. ஆகவே, கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன நம் வீட்டுப் பிள்ளை குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் பிடிக்கையில், இந்தப் புல் பிடித்து வைத்த மழையும் அதில் சிறிது கலந்திருக்கலாம்.

ஊரின் பழம்பெயர் மல்லேஸ்வரா. சுரங்கம் வருமுன் சில குடிகளே வாழ்ந்த இடம். மைசூர் சமஸ்தானத்தின் நிலவியலாளர் சம்பத் ஐயங்கார் 1913ஆம் ஆண்டிலேயே இங்கே இரும்பு இருப்பதைக் கண்டு சொல்லியிருந்தார். ஆனால் கல்லில் இரும்பின் அளவு நூற்றுக்கு 38 பங்கு அளவில்தான். சாலையற்ற மலை, தாளாத மழை, தரம் குறைந்த தாது, எவர் துணிவார்? 1969ஆம் ஆண்டில் முப்பதாண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஈரான் மன்னர் ஷாவின் அரசு 63 கோடி டாலர் கடன் தரவும், 21 ஆண்டுகளில் 15 கோடி டன் தாதுத்தூள் வாங்கிக்கொள்ளவும் உடன்பட்டது. 1976ஆம் ஆண்டு ஏப்ரலில் குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம் என்னும் மத்திய அரசுக் கம்பெனி பிறந்தது. வேலை முழு வேகத்தில் நடக்கையில், 1979ஆம் ஆண்டு ஈரானில் புரட்சி எழுந்து மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். பணமும் நின்றது, வாங்குவதாகச் சொன்னவரும் இல்லை. எஞ்சிய செலவை நம் நாடே ஏற்று, 1980ஆம் ஆண்டு ஆலையை இயக்கியது. வாங்குவோரை வேறு நாடுகளில் தேடிப் பிடித்தார்கள்; பின்னாளில் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கப்பல்கள் சென்றன.

"ராஜா ஓடிட்டாராம், கூலி வருமான்னு எங்க மேஸ்திரிக்கே கவலை" என்று பெரியவர் சிரித்தார். டெஹ்ரானில் நடந்த புரட்சிக்காகக் கீழ்பென்னாத்தூர்ச் சித்தாள் ஒருவர் ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறார். உலகம் அப்படித்தான் பின்னிக் கிடக்கிறது.

ஊருக்குள் நுழைந்தோம். ஒரு காலத்தில் ஒழுங்காய்த் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரியம் அது. வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ் வீடுகள், கடைத்தெரு, மருத்துவமனை, பள்ளிகள், விளையாட்டுத் திடல் என்று எதற்கும் குறைவின்றி இருந்திருக்கிறது. இப்போது தெருக்கள் மட்டும் நேராக இருக்கின்றன. பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டும் துருப்பிடித்து, இழுத்தால் கையோடு வரும் போலிருக்கிறது. ஆண்டுதோறும் மழை ஊறியதால் சுவர்கள் பாசியேறிக் கரும்பச்சையாகிவிட்டன. ஒரு வீட்டில் கூரை இறங்கி, அடுக்களை இருந்த இடத்தில் ஒரு மரம் தழைத்துச் சன்னல் வழியே கிளையை வெளியே நீட்டியிருந்தது. வாசற்படி ஒன்றில் வீட்டு எண் மட்டும் அழியாமல் வெள்ளைச் சாயத்தில் தெரிந்தது. யாரோ ஒரு குழந்தை கரித்துண்டால் எழுதிய கூட்டல் கணக்கு ஒன்று, திண்ணையின் உட்சுவரில், மழைபடாத மூலையில் இருந்தது. விடை தவறு. திருத்த ஆளில்லை.

பெரியவர் இவ்வீடுகளின் பக்கம் திரும்பவேயில்லை. "இதெல்லாம் பர்மனெண்ட் ஆளுங்க வீடு சாமி" என்று சொல்லிக்கொண்டே விரைந்து நடந்தார். ஒப்பந்தத் தொழிலாளர் குடிசைகள் ஊருக்கு ஒதுக்குப்புறமாய் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் பலரும் அங்கேதான் வாழ்ந்தனர். தகரமும் தார்ப்பாயும் மூங்கிலும் கொண்டு அவர்களே கட்டிக்கொண்டவை அக்குடிசைகள். அவ்விடத்தில் இப்போது புதரும் புல்லுமே இருந்தன. பெரியவர் அங்குமிங்கும் நடந்து, ஒரு பலா மரத்தடியில் நின்றுகொண்டார்.

"முருங்கைதான் முதல்ல வெச்சேன். இந்த மழைக்கு அழுகிப் போச்சு. இந்தப் பலா மட்டும் நின்னுது. என் பெரிய பொண்ணு பொறந்த வருஷம் வெச்சது."

அவருடைய மக்கள் இருவரும் அங்கே பிறந்தவர்கள். இரவுப் பணியின்போது மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு, மூன்றாம் பிள்ளை அங்கேயே இறந்தது. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டோம். கையால் ஒரு திசையைக் காட்டினார். அங்கே புதர் மண்டியிருந்தது. சற்று நேரம் இருவரும் நின்று செபித்தோம்.

கடைத்தெருவில் இரண்டு மூன்று கடைகள் திறந்திருந்தன. தேநீர்க் கடை நடத்தும் அம்மாள் நம் பேச்சைக் கேட்டவுடன் தமிழில் பேசத் தொடங்கினார். தகப்பனார் தருமபுரிப் பக்கத்தவராம். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேயே. கன்னடம் கலந்த தமிழ். பெரியவரை "மாமா" என்றும், நாம் குருவானவர் என்று அறிந்தபின் நம்மை "ஃபாதர்" என்றும் அழைத்தார். கணவர், மலையேற வரும் இளைஞர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். சனி ஞாயிறுகளில் கூட்டம் வருகிறது; மற்ற நாட்களில் வனத்துறையாரும் வழிப்போக்கரும்தான்.

"பேய் ஊர்னு போட்டோ எடுத்துப் போடுறாங்க ஃபாதர். நாங்க இருக்கோமில்ல? டீ குடிச்சிட்டுத்தானே போட்டோ எடுக்கறாங்க?" என்றார் அவர்.

பெரியவர், "சுரங்கம் திரும்பத் தொறந்தா சந்தோஷப்படுவியா தாயி?" என்று கேட்டார்.

அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. பாலைப் பொங்கவிடாமல் இறக்கி வைத்துவிட்டு, "எங்கப்பா இருந்தா 'ஆமா'ன்னு சொல்லியிருப்பார் மாமா. நான் இந்த ஆத்துத் தண்ணியில டீ போடுறேன்" என்றார்.

சுரங்கத்துக்குள் யாரையும் விடுவதில்லை; சாலையிலிருந்து தொலைவாகத்தான் காணலாம். மலையின் ஒரு தோள் முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்டு, கோயில் குளத்துப் படித்துறையை நிமிர்த்தி வைத்ததுபோல் நின்றது. வெடி வைத்துப் பாறையைப் பிளப்பார்கள். வீடு உயர லாரிகள் அதைச் சுமந்து ஆலையில் கொட்டும். ஆலை அதை மாவாய் அரைத்து, நீரில் கலக்கி, காந்தத்தால் இரும்பை மட்டும் பிரித்தெடுக்கும். 38 பங்கு இரும்பு இருந்த கல், 67 பங்கு இரும்புள்ள கருந்தூளாகும். அத்தூளைக் குழம்பாக்கி, 67 கிலோமீட்டர் நீளக் குழாயில் மலைச்சரிவின் வேகத்திலேயே மங்களூருக்கு அடுத்த பணம்பூர்த் துறைமுகம்வரை ஓடச் செய்தார்கள். ஆண்டுக்கு 75 லட்சம் டன் தூள் ஆக்கும் திறனுடைய ஆலை. பொறியியல் என்ற அளவில் வியக்காமல் இருக்க முடியாது.

ஆனால் ஒரு டன் தூள் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு டன் சக்கை மிஞ்சும். அதை எங்கே போடுவது? பத்திராவில் சேரும் லக்யா என்ற ஓடையின் பள்ளத்தாக்கை மறித்து, 100 மீட்டர் உயர மண் அணை ஒன்றை எழுப்பி, அதற்குள் கொட்டினார்கள்.

"அந்த அணைக்கு மண்ணு சுமந்தேன் சாமி. தண்ணி நிறுத்தி விவசாயம் பண்ணத்தான் கட்டுறாங்கன்னு நெனச்சேன். நம்மூர்ல அணைன்னா வேற எதுக்கு? சேறு ரொப்பறதுக்குன்னு அப்புறம்தான் சொன்னாங்க."

சுரங்கம் மூடிவிட்டது, அணை இருக்கிறது. அதற்குள் நிறைந்த சேறு அங்கேதான் இருக்கிறது. 7,000 மில்லிமீட்டர் மழை ஆண்டுதோறும் அதன்மீது பெய்கிறது. தாது விற்ற பணம் செலவாகிவிட்டது. காவல் மட்டும் என்றென்றைக்கும் தொடர வேண்டியிருக்கிறது. இச்செலவை எந்தக் கணக்கேட்டில் எழுதினார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

1987ஆம் ஆண்டு இம்மலைகளைத் தேசியப் பூங்காவாக்கும் அறிவிப்பு வந்தது. ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்கின் பெருங்கூட்டங்கள் இச்சோலைகளில் உண்டு. பூங்காவின் நடுவே சுரங்கம் வெடித்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பத்திரா சிவந்து ஓடியது. ஆற்றுப்படுகையில் மிகச் சிறு பரப்பேயான சுரங்கப் பகுதியிலிருந்தே ஆற்று வண்டலின் பெரும்பங்கு வருகிறதென ஆய்வாளர் அளந்து காட்டினர். 1999ஆம் ஆண்டு குத்தகை முடிந்தது, நீட்டிக்கக் கேட்டார்கள். வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற கே. எம். சின்னப்பாவின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், 2002ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது: ஏற்கெனவே வெட்டிய பகுதியில் மட்டும் 2005ஆம் ஆண்டின் இறுதிவரை எடுக்கலாம், அதன்பின் நிறுத்திவிட வேண்டும்.

தீர்ப்பு நேரியது என்பதே நம் எண்ணம். தெளிந்து ஓடும் ஆற்றைக் கண்டபின் வேறு எண்ணம் கொள்ள முடியவில்லை. ஆனால் நேரிய தீர்ப்பும் எல்லார்மீதும் ஒரே எடையோடு விழுவதில்லை. நிரந்தரப் பணியாளருக்கு மங்களூர் ஆலைக்கு மாற்றமோ, ஓய்வுத்தொகையோ என்று ஏதோ ஒரு வழி இருந்தது. நம் பெரியவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர், கடைசி மாதக் கூலியைக் களசாவில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். இவர் மூன்று நாள் அங்கே காத்திருந்தார். அவர் வரவேயில்லை. 28 ஆண்டு உழைத்தவர், பேருந்துச் சீட்டுக்கு மனைவியின் மூக்குத்தியை விற்று ஊர் திரும்பினார். "கோர்ட்டு மேல எனக்குக் கோபமில்ல சாமி. ஆறு நல்லாருக்கணும்தான். மூணு வருஷம் முன்னாடியே தேதி தெரியும் இல்ல? அந்த மூணு வருஷத்துல எங்க பேரை ஒரு பேப்பர்லயாவது எழுதியிருக்கலாம்" என்றார்.

சுரங்கத்துக்கு முன்னரே இருந்தவர்களின் நிலையும் இத்தகையதே. மலைக்குடியர் என்னும் பழங்குடியினர் தலைமுறைகளாய் இக்காடுகளில் வாழ்பவர்கள். மலையை அவர்கள் வெட்டவில்லை. ஆயினும் பூங்கா வந்தபோது அவர்களையும் வெளியேறக் கேட்டார்கள். அதனால் எழுந்த மனக்கசப்பு, 2003ஆம் ஆண்டை ஒட்டித் துப்பாக்கிச் சத்தமாகவே இம்மலைகளில் ஒலித்தது. பெரிய கைகள் செய்த காயத்துக்குச் சிறியவர்களைப் பத்தியம் இருக்கச் சொல்வது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சிகரத்துக்கு நாம் ஏறவில்லை. வனத்துறையின் அனுமதி வேண்டும், அதைவிட முழங்கால்களின் அனுமதி வேண்டும். மேலே, ஐரோப்பியர் காலத்து ஆலயம் ஒன்றின் இடிந்த சுவர்கள் புல்லுக்கு நடுவே நிற்பதாய் ஏறி வந்த இளைஞர்கள் படம் காட்டினார்கள். கூரையில்லை, செங்கல்லும் கல்லும் மட்டும். மங்களூரிலிருந்து ஏறி வந்த துறவியர் கட்டியது என்பது அவ்வூரார் வாய்மொழி. ஆலயம் கட்டியோரும் போனார்கள், சுரங்கம் வெட்டியோரும் போனார்கள்.

மறுநாள் கார்க்களா வழியாக இறங்கினோம். பூங்காவின் சோதனைச் சாவடியில் நேரம் குறித்துச் சீட்டுக் கொடுத்தார்கள், நடுவே நிற்கலாகாது. மலையடி சேர்ந்ததும் அத்தூர் புனித லாரன்ஸ் பேராலயத்தைக் கண்டு வணங்கினோம். வழியில் பெரியவரிடம், நம் ஊர் இளைஞனின் கேள்வியை அப்படியே வைத்தோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்:

"வேலை வரும் சாமி. பொய் சொல்லக் கூடாது. எனக்கு வந்துச்சே. என் பொண்ணு ரெண்டு பேரையும் அந்தக் கூலியிலதான் படிக்க வெச்சேன். எத்தினி வருஷத்துக்கு, யார் பேர்ல, முடிஞ்சா எங்க போறது, இதை மட்டும் மொதல்லயே கேட்டுக்கச் சொல்லுங்க. கவுத்திமலைத் தண்ணி எந்த ஏரிக்குப் போவுதுன்னும் அவனையே நடந்து போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

1980 முதல் 2005 வரை 25 ஆண்டுகள். ஓர் ஆள் தன் வாலிபத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை உழைக்கும் காலம். மலைக்கு அது ஒரு பொழுதும் இல்லை.

பணம்பூரில், துறைமுகத்தை அடுத்து அந்நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. தூளை உருட்டிச் சுட்டுக் குண்டுமணிகளாக்கும் ஆலை. 1987ஆம் ஆண்டு தொடங்கியது. குதிரேமுக்கிலிருந்து தூள் வருவது நின்றபின், சத்தீஸ்கரின் பைலாடிலா முதலிய வேறு மலைகளின் தாதை வரவழைத்தே அது இயங்கி வந்திருக்கிறது. அடுத்து, பல்லாரி மாவட்டத்தில் சண்டூருக்கு அருகேயுள்ள தேவதாரி மலையை நிறுவனம் கேட்டிருக்கிறது. குதிரேமுக்கின் பழைய பாக்கிகளைத் தீர்க்காமல் புதிய காட்டைக் கையில் கொடுக்க இயலாது என்று 2024ஆம் ஆண்டு கர்நாடக வனத்துறை அமைச்சர் தடுத்து நிறுத்தினார். அங்கேயும் ஒரு சிற்றூரில், ஓர் இளைஞன் யாரிடமோ அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இரவு மங்களூரில் சென்னை வண்டி ஏறினோம். மறுநாள் முற்பகல், சேலத்தை நெருங்குகையில் தொலைவில் கஞ்சமலை தெரிந்தது. பெரியவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் கேட்டாங்களா சாமி?"

"கேட்டார்கள்" என்றோம்.